கடவுச்சொல்லும் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இயலும் இசையும் கூத்தும் விருந்தளிக்கும் இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். சிறுமியரின் கோலாட்டத்திற்கும் இரவுச் சிற்றுண்டிக்கும் நடுவே கிடைத்த இவ்வரைமணி நேரத்தில் பூட்டையும் சாவியையும் பற்றித்தானா பேசவேண்டும் என்றும் கேட்கக்கூடும். ஆயினும், ஒரு சங்கத்தின் நன்மதிப்பு அதன் கணக்கேட்டில் இருக்கிறது. நம் கணக்கேடோ இன்று காகிதத்தில் இல்லை, கணிப்பொறியில் இருக்கிறது. ஆதலின் அப்பெட்டியின் பூட்டு எத்தகையது, சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதை நம் காலனியிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்வது நன்று.

நம் நூலக அறையிலுள்ள கணிப்பொறி பழையது. அதில் இயங்கிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு, அதனை ஆக்கிய நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 14-10-2025 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, இத்தனை பழைய இயந்திரத்தை ஏற்றுக்கொள்வதில்லை. புதிய இயந்திரம் வாங்கும் நிலையில் சங்கத்தின் கருவூலம் இல்லை. ஆகவே விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை, அதிலும் உபுண்டு என்னும் வகையை, நிறுவுவதெனச் செயற்குழு முடிவு செய்து, அப்பொறுப்பை மூவரிடம் ஒப்படைத்தது. ஓய்வுபெற்ற கார்டு ஒருவர், கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர், பார்சல் அலுவலக எழுத்தர் ஒருவர். எங்களுள் எவரும் கணிப்பொறிக் கல்வி பெற்றவரல்லர். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துப் பணிக்கு வந்தவர் ஒருவரும் எங்களுள் உண்டு. அவர்தாம் இன்று மூவர் சார்பிலும் உங்கள் முன் நிற்கிறார். நாங்கள் கற்றுக்கொண்டது சிறிது. அதனை மறைக்காமல் பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்கண், இவ்வேலையைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லவேண்டும். பழைய ஏற்பாட்டில் கணிப்பொறிக்குள் நுழைய ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அச்சொல்லும் ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டுத் திரையின் விளிம்பில் ஒட்டப்பட்டிருந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்பவரும், வினாடி வினாவுக்குப் பயிற்சி செய்யும் பிள்ளைகளும், ஓய்வூதியத் தாள்களை நிரப்ப வருவோரும், கணக்கெழுதும் பொருளாளரும் எல்லாரும் ஒரே ஆளாகவே உள்ளே சென்றனர். சென்ற பொங்கல் விழா முடிந்தபின், நன்கொடைப் பட்டியலில் ஒரு தொகை ஐயாயிரத்திற்குப் பதில் ஐந்நூறு என்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கொடுத்தவர் ஐயாயிரம் கொடுத்தேன் என்கிறார். பட்டியலோ ஐந்நூறு என்கிறது. எவரும் வாய்விட்டுக் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் எவரும் வாய்விட்டு மறுக்கவும் இல்லை. அப்போதைய பொருளாளர் ஏறத்தாழ மூன்று திங்கள் சங்கத்தின் பக்கமே வரவில்லை. இறுதியில் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையும் வங்கிப் புத்தகமும் அவர் ஐயாயிரத்தையும் முறையாகச் செலுத்தியிருந்தார் என்பதைக் காட்டின. யாரோ பட்டியலைத் திறந்து பார்க்கையில் ஒரு சுழியம் அழிந்துவிட்டது, அவ்வளவே. அந்த 'யாரோ' யார் என்று இயந்திரத்தைக் கேட்டால், அது என்ன விடை சொல்லும்? எல்லாரும் ஒருவராகவே நுழைந்த இடத்தில், தவறு செய்தவர் அகப்படமாட்டார். தவறு செய்யாதவர் தப்பமாட்டார். நேர்மையான ஒரு மனிதரின் மூன்று திங்கள் மன அமைதிக்கு ஒரு துண்டுத் தாள் விலையாயிற்று.

இதனை மனத்திற்கொண்டு, பயனர் கணக்கு என்பது யாது என்று பார்ப்போம். கணக்கு என்றவுடன் வரவு செலவுக் கணக்கு என்று கொள்ளவேண்டா. ஒரு கணிப்பொறியில் ஒருவருக்கென ஒதுக்கப்படும் தனியிடமும், அங்கு அவர் செய்யத்தக்கவை இவை, செய்யத்தகாதவை இவை என்னும் வரையறையும் சேர்ந்ததே பயனர் கணக்கு. ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் பல வீடுகள் இருப்பினும் ஒவ்வொன்றிற்கும் தனிக் கதவும் தனிப் பூட்டும் இருப்பதை ஒக்கும் இது. நீர்த்தொட்டி பொது, அடுக்களை தனி.

லினக்ஸில் இம்முறை ஏன் இத்துணை வேரூன்றியிருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் பெருங்கருவி. தனியொருவருக்கு ஒன்று என்பது கனவிலும் நினைக்கக்கூடாதது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை 1961-ஆம் ஆண்டில் செய்து காட்டினர். பலர் பகிர்வதென்றால் ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்கவேண்டும். ஒவ்வொருவர் பயன்படுத்திய நேரத்திற்கும் கணக்கு வேண்டும். இதற்காகவே ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் ஏற்பட்டது. பின்னர் 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் தொடங்கிய யூனிக்ஸும் பலர் பகிர்வதற்கென்றே வளர்ந்தது. 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் பின்பற்றி லினக்ஸின் கருவை எழுதலானார். அம்மரபில் வந்து 2004-இல் வெளியானதே உபுண்டு. எனவே பலர் கூடி வாழும் ஒழுங்கு இதற்குப் பிறவிக்குணம். சங்கம் போன்ற ஓர் அமைப்புக்கு இது பொருத்தமானதே.

அந்தத் தொடக்க காலத்திலேயே கடவுச்சொல்லுக்குச் சோதனைகளும் வந்தன. கார்பட்டோவின் கணிப்பொறியில் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதாத ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், 1962-இல், கடவுச்சொற்கள் வைக்கப்பட்டிருந்த கோப்பையே அச்சிட்டுத் தரும்படி இயந்திரத்திடம் விண்ணப்பித்தார். அது கேள்வியின்றி அச்சிட்டுக் கொடுத்துவிட்டது! பல ஆண்டுகளுக்குப் பின் அவரே இதனை வெளியிட்டார். அதே பத்தாண்டில் மற்றொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. ஒரு நிர்வாகி கடவுச்சொற் கோப்பையும், இன்னொரு நிர்வாகி அன்றாட அறிவிப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருக்க, இரண்டும் இடம்மாறிவிட்டன. அன்று உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் காலை வணக்கத்திற்குப் பதில் எல்லாருடைய கடவுச்சொற்களும் அறிவிப்பாக வந்து நின்றன.

இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. கடவுச்சொல்லை எழுதியபடியே எங்கேனும் வைத்தால், அது என்றேனும் ஒருநாள் வெளிப்படும். ஆகையால் பிற்காலத்தார் ஓர் அரிய வழியைக் கண்டனர். அரிசியை இடித்து மாவாக்கலாம். மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. அதுபோல, கடவுச்சொல்லை ஒரு கணித உரலிலிட்டு இடித்து, அம்மாவை மட்டுமே இயந்திரம் வைத்துக்கொள்கிறது. நாம் மறுநாள் வந்து சொல்லைத் தட்டும்போது அதனையும் அதே உரலிலிட்டு இடிக்கிறது. இரண்டு மாவும் ஒன்றாயிருப்பின் கதவு திறக்கும். இருவர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் மாவும் ஒன்றாகி உண்மை வெளிப்பட்டுவிடுமே என்று கேட்பீர்கள். அதற்காக ஒவ்வொருவருடைய சொல்லோடும் வெவ்வேறு சிட்டிகை ஒன்று சேர்த்து இடிக்கப்படுகிறது. வல்லுநர் அதற்கு 'உப்பு' என்றே பெயரிட்டிருக்கின்றனர். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை உண்மை பெறப்படுகிறது. உங்கள் கடவுச்சொல்லை நீங்கள் மறந்துவிட்டால், அது என்னவென்று நிர்வாகியாலும் சொல்ல இயலாது. அவரால் புதியதொன்றை ஏற்படுத்தித் தரத்தான் இயலும். 'என் கடவுச்சொல்லை உங்களிடம் சொல்லிவைக்கிறேன், மறந்தால் நினைவூட்டுங்கள்' என்று யாரிடமும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

இருப்புப்பாதையில் பணிபுரிவோர்க்கு இம்முறை புதிதன்று. பிரைவேட் நம்பர் என்பதை நீங்கள் அறிவீர்கள். நிலைய அதிகாரி ஒரு வண்டி வருவதைத் தொலைபேசியில் கேட்மேனுக்குச் சொல்லுகிறார். கேட்டைச் சாத்திப் பூட்டிய கேட்மேன், 'சாத்திவிட்டேன்' என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. தம்மிடமுள்ள தாளிலிருந்து ஓர் எண்ணையும் சொல்லவேண்டும். அவ்வெண் ஏட்டில் குறிக்கப்படும், தாளில் அடித்துவிடப்படும். நிலைய அதிகாரிக்குக் கேட்மேனின் குரல் நன்றாகத் தெரியும். பல ஆண்டுப் பழக்கமும் இருக்கும். ஆயினும் எண்ணைக் கேட்காமல் விடுவாரா? விடார். அது ஐயமன்று, ஒழுங்கு. எண்ணைச் சொன்னதனால் கேட்மேனும் காக்கப்படுகிறார், கேட்டதனால் நிலைய அதிகாரியும் காக்கப்படுகிறார், இடையே சாலையைக் கடக்கும் மாட்டுவண்டிக்காரனும் காக்கப்படுகிறான். இன்று வங்கியிலிருந்து கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கடவுச்சொல்லோ ஒருமுறையோடு அடித்துவிடப்படுவதன்று, நாள்தோறும் பயன்படுவது. அதனாலேயே அதற்குக் கூடுதலான காவல் வேண்டும்.

இனி நாங்கள் செய்த ஏற்பாட்டை வரிசையாகச் சொல்லுகிறோம். வீட்டில் இம்முறையைக் கையாள விரும்புவோர்க்கும் இது பயன்படும்.

உபுண்டுவை நிறுவும்போது முதலில் உண்டாக்கப்படும் கணக்கிற்கே நிர்வாக உரிமை கிடைக்கிறது. 'ரூட்' எனப்படும் பேரதிகாரக் கணக்கு ஒன்று உள்ளே இருப்பினும், அதன்வழி நேரே நுழைய இயலாதவாறு அது பூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகி என்பவரும் வழக்கமாகச் சாதாரண உறுப்பினர் போலவே உள்ளே இருக்கிறார். புதிய மென்பொருளை நிறுவுதல், கணக்குச் சேர்த்தல் போன்ற பெருவேலை வரும்போது மட்டும், 'சூடோ' என்னும் ஆணையின் துணையால், தம் சொந்தக் கடவுச்சொல்லை மீண்டும் ஒருமுறை கொடுத்துச் சற்று நேரத்திற்கு அதிகாரம் பெறுகிறார். இன்னார் இந்நேரத்தில் இவ்வாறு அதிகாரம் பெற்றார் என்பதை இயந்திரம் குறித்தும் வைக்கிறது. கேபினிலுள்ள நெம்புகோலை வழிப்போக்கர் இழுக்கலாகாது. இழுக்க உரிமையுடையவரும் ஏட்டில் எழுதாமல் இழுக்கலாகாது.

இம்முதற் கணக்கைத் தனியொருவர் பெயரில் வைக்காமல், சங்க நிர்வாகம் என்னும் பெயரிலேயே வைத்தோம். அன்றாட வேலை எதற்கும் அதனைப் பயன்படுத்துவதில்லை. அதனுள் நுழைய வேண்டியபோது, செயற்குழுவினர் இருவர் உடனிருந்து, நாளும் காரணமும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திடுகின்றனர். பின்னர் 'அமைப்புகள்' என்னும் பகுதியைத் திறந்து, 'பயனர்கள்' என்னும் பக்கத்திற்குச் சென்றோம். அங்கு முதலில் பூட்டை நீக்கவேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லைக் கேட்கும். அதன்பின் புதிய பயனரைச் சேர்க்கும் பொத்தான் உயிர்பெறும். பூட்டை நீக்காமல் அப்பொத்தானை எத்தனை முறை அழுத்தினும் பயனில்லை.

ஒவ்வொரு கணக்கிற்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று திரையில் தோன்றும் முழுப்பெயர். இதனைத் தமிழிலேயே எழுதலாம், எழுதினோம். தம் பெயரைத் தமிழில் திரையில் கண்டபோது நம் பெரியவர் சிலர் முகத்தில் மலர்ந்த மகிழ்ச்சியை நாங்கள் மறவோம். மற்றொன்று இயந்திரம் வழங்கும் நுழைவுப் பெயர். இது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இருத்தல் நலம். இவ்விரண்டிற்கும் பின்னால் ஓர் எண்ணும் இருக்கிறது. ரூட்டுக்குச் சுழியம், உபுண்டுவில் சாதாரணப் பயனர்க்கு 1000 முதல் வரிசையாக எண்கள் கொடுக்கப்படுகின்றன. இயந்திரம் உண்மையில் அறிவது பெயரையன்று, அவ்வெண்ணையே. நம் பி.எப். எண்ணை அலுவலகம் அறிந்திருக்கும் அளவுக்கு நம் பெயரை அறிந்திருப்பதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

கணக்கைச் சேர்க்கும்போது சாதாரணப் பயனரா, நிர்வாகியா என்று கேட்கும். ஒருவரும் விடாமல் அனைவரையும் சாதாரணப் பயனராகவே சேர்த்தோம். கடவுச்சொல்லை இப்போதே ஏற்படுத்துகிறீர்களா, அன்றிப் பயனரே முதன்முறை நுழையும்போது ஏற்படுத்திக்கொள்ள விடுகிறீர்களா என்றும் ஒரு வினா வரும். இரண்டாவதையே தேர்ந்தோம். உறுப்பினரை அழைத்து இருக்கையில் அமரச் செய்து, அவர் தம் சொல்லைத் தட்டும்போது நாங்கள் மூவரும் சுவரிலுள்ள நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. கணக்கு பதவிக்கா, ஆளுக்கா? 'பொருளாளர்' என்று ஒரு கணக்கு வைத்தால், ஆண்டுதோறும் அவர் மாறும்போது சொல்லும் கைமாறும். கைமாறிய சொல் பலர் அறிந்த சொல்லாகும். மீண்டும் துண்டுத் தாளில் வந்து முடியும். ஆதலின் கணக்கை ஆளுக்கும், உரிமையைக் குழுவுக்கும் வைத்தோம். லினக்ஸில் குழு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நூலகக் குழு, கணக்குக் குழு, விழாக் குழு என மூன்றை ஏற்படுத்தி, ஒவ்வொன்றிற்கும் ஒரு பொதுக் கோப்புறை வைத்தோம். இப்பகுதியை விசைப்பலகையில் ஆணைகளைத் தட்டிச் செய்யவேண்டியிருந்தது. எங்கள் மாணவி அதனைப் பொறுமையாகச் செய்தார். பொருளாளர் மாறினால் பழையவரைக் குழுவிலிருந்து நீக்கிப் புதியவரைச் சேர்த்தால் போதும். எவருடைய கடவுச்சொல்லும் எவருக்கும் தெரியவேண்டா.

புதிதாக வருவோர் திகைக்கும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, கறுப்புத் திரையில் ஆணை தட்டும்போது கடவுச்சொல் கேட்கப்பட்டால், நாம் தட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. பல பதிப்புகளில் விண்மீன் குறிகூடத் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று எண்ணவேண்டா. சொல்லின் நீளத்தையும் பக்கத்திலிருப்பவர் அறியலாகாது என்பதே அதன் கருத்து. இரண்டாவது, பேரெழுத்தும் சிற்றெழுத்தும் இயந்திரத்திற்கு வெவ்வேறு. 'கேப்ஸ் லாக்' விசை அழுந்தியிருந்தால் சரியான சொல்லும் தவறாகும். மூன்றாவது நமக்கே உரியது. தமிழில் எழுதிக்கொண்டிருந்துவிட்டு விசைப்பலகை தமிழிலேயே நிற்க, கடவுச்சொல்லைத் தட்டினால் வேறெழுத்துகள் போய்ச்சேரும். சொல் ஏற்கப்படவில்லையென்றால் முதலில் எம்மொழி விசைப்பலகை என்று பாருங்கள்.

கடவுச்சொல் எத்தகையதாக இருக்கவேண்டும்? யூனிக்ஸ் அறிஞர்களாகிய ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் உண்மையில் வைத்திருந்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்கு 86 மிகக் குறுகியவையாகவோ, அகராதியில் காண்பனவாகவோ, எளிதில் கண்டுபிடிக்கத்தக்கனவாகவோ இருந்தன. அக்காலத்து வல்லுநர்களிடையேயே நிலை அதுவானால், நம்மைச் சொல்லவேண்டுமா?

நம்மவர் பெரிதும் விரும்புவது பிறந்த நாள். நாள், திங்கள், ஆண்டு என எட்டு இலக்கங்கள் இருப்பதால், பத்துக் கோடி எண்களுள் ஒன்றாக அது மறைந்திருக்கும் என்று தோன்றும். அவ்வாறன்று. நூறாண்டுகளில் உள்ள நாட்கள் சுமார் 36,525 மட்டுமே. அத்தனையையும் முயன்று பார்ப்பது ஒரு கணிப்பொறிக்குப் பெரிய வேலையன்று. அதிலும், உங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்கு நீங்களே காலனி முழுவதும் கேசரி வழங்கியிருக்கிறீர்கள்! மாறாக, எவ்வித ஒழுங்குமின்றி எடுத்த எட்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்குச் சுமார் 20,882 கோடி வகைகள் உண்டு. எழுத்துகள் கூடக் கூட இத்தொகை இருபத்தாறு இருபத்தாறு மடங்காகப் பெருகும். நீளமே காவல் என்பது இதனால் விளங்கும்.

நீளமாகவும் இருக்கவேண்டும், நினைவிலும் நிற்கவேண்டும் என்றால் என் செய்வது? நாங்கள் ஒரு குலுக்கல் முறையைக் கையாண்டோம். வீட்டிலும் வயலிலும் வழங்கும் ஆயிரம் தமிழ்ச் சொற்களைச் சிறு தாள்களில் எழுதி ஒரு தகரப் பெட்டியிலிட்டோம். ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, பார்த்து, திரும்ப இட்டுக் குலுக்கி, இவ்வாறு நான்கு சொற்கள் எடுத்தனர். உலக்கை, தண்டவாளம், நுங்கு, கொலுசு என்று வந்ததாகக் கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத அந்நான்கையும் ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதினால் அதுவே கடவுச்சொல். ஆயிரம் சொற்களிலிருந்து நான்கு முறை எடுப்பதற்கு ஒரு இலட்சம் கோடி வகைகள் உண்டு. தாமே யோசித்துச் சொல்லைத் தேர்ந்தால் இப்பயன் கிட்டாது. மனம் எப்போதும் தெரிந்த தெருவிலேயே நடக்கும். எல்லாரும் அறிந்த பாட்டின் முதலடி, குலதெய்வத்தின் பெயர், சொந்த ஊரின் பெயர் ஆகியவை வேண்டா. இப்போது மேடையில் சொன்ன நான்கு சொற்களையும் தயவுசெய்து ஒருவரும் வைத்துக்கொள்ளவேண்டா.

மாதந்தோறும் சொல்லை மாற்றவேண்டுமா என்று சிலர் கேட்டனர். முன்பு அவ்வாறு வற்புறுத்துவது வழக்கமாயிருந்தது. அவ்வாறு மாற்றச் சொன்னால் மக்கள் பழைய சொல்லின் இறுதியில் ஒன்று, இரண்டு என்று எண் சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். 2017-இல் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள், காரணமின்றிக் காலந்தோறும் மாற்றும்படி வற்புறுத்தவேண்டா என்றே கூறுகின்றன. வெளிப்பட்டுவிட்டது என்னும் ஐயம் ஏற்பட்டால் உடனே மாற்றவேண்டும். ஓரிடத்துச் சொல்லை வேறிடத்திலும் வைக்கலாகாது. இருக்கையை விட்டு எழும்போது, விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு 'எல்' என்னும் விசையைச் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். இம்மூன்றும் போதும்.

இடமாற்றம் நம் வாழ்வின் இயல்பு. இன்றிருக்கும் செயலாளர் நாளை வேறொரு கோட்டத்தில் இருப்பார். ஆகவே நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, ஒட்டி, தலைவரும் பொருளாளரும் ஒட்டிய இடத்தின்மேல் கையெழுத்திட்டு, பீரோவில் வைத்திருக்கிறோம். உறை பிரிக்கப்பட்டால் பிரித்தது தெரியும்; உடனே சொல் மாற்றப்படும். உறுப்பினர் மாற்றலாகிச் சென்றால் அவருடைய கணக்கை உடனே அழிப்பதில்லை, பூட்டிவைக்கிறோம். அவருடைய கோப்புகளுள் சங்கத்தைச் சேர்ந்தவற்றைப் பொதுக் கோப்புறைக்கு மாற்றி, சொந்தமானவற்றை அவரிடம் கொடுத்தபின்னரே கணக்கு நீக்கப்படும். பொறுப்பு ஒப்படைக்கும்போது பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா, அதுவேதான்.

இவ்வேற்பாட்டின் எல்லையையும் சொல்லவேண்டும். இயந்திரத்தையே கைப்பற்றி, மீட்பு முறையில் அதனைத் தொடங்கத் தெரிந்தவர், கடவுச்சொற்களை மாற்றிவிட இயலும். வட்டு முழுவதையும் மறைக்குறியாக்கினால் இதனைத் தடுக்கலாம். ஆனால் அதன் திறவுச்சொல் தொலைந்தால் உள்ளிருப்பவை அனைத்தும் தொலைந்தனவே ஆகும். உறுப்பினர் அடிக்கடி மாறும் சங்கத்திற்கு அது ஏற்றதன்று எனக் கருதி, அறையின் பூட்டையே வலுப்படுத்தினோம். கணக்குகளின் படி ஒன்றை வாரந்தோறும் தனிவட்டில் எடுத்து வேறோர் இல்லத்தில் வைக்கிறோம்.

இவ்வளவும் கேட்டபின் ஒரு பெரியவர் வருத்தத்தோடு வினவினார்: 'மொழி தெரியாத ஊரில் ஒரு குடும்பம் போல வாழ்கிறோம். நமக்குள் பூட்டும் சாவியுமா?' இக்கேள்வி எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அவர் சொல்வது உண்மையே. நள்ளிரவில் ஒருவர்க்கு நோய் என்றால் பத்துக் கதவுகள் திறக்கும் காலனி இது. ஆனால் அப்பொருளாளர் மூன்று திங்கள் நம்மிடையே வராமலிருந்தபோது, அவருக்காகப் பேச நம்மிடம் சான்று எதுவும் இருக்கவில்லை. அன்பு மட்டும் இருந்தது. அது அவருக்குப் போதவில்லை. தனித்தனிக் கணக்கு என்பது, நம்முள் எவரையும் ஐயத்திற்கு இரையாக விடமாட்டோம் என்று நாம் ஒருவர்க்கொருவர் கொடுக்கும் உறுதிமொழி.

மற்றொரு பயனை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கணவரை இழந்த பாட்டி ஒருவர் குடும்ப ஓய்வூதியத் தாள்களைப் பார்க்க நூலகத்திற்கு வருவார். முன்பெல்லாம் பக்கத்தில் யாரேனும் நின்று தட்டிக் கொடுப்பர். அவருடைய வரவு செலவு அனைத்தும் அறையிலிருந்தோர் கண்ணில் படும். இப்போது அவருக்கும் தனிக் கணக்கு உண்டு. தகரப் பெட்டியிலிருந்து அவரே நான்கு சொற்களை எடுத்தார். இரண்டு நாள் வாய்க்குள் சொல்லிச் சொல்லி மனனம் செய்துகொண்டு, தாளை அடுப்பிலிட்டு எரித்துவிட்டதாகக் கூறினார். 'பிறந்த வீட்டில் அப்பா பெட்டி, புகுந்த வீட்டில் அவர் பெட்டி. எழுபது வயதில்தான் எனக்கென்று ஒரு பெட்டியும் நான் மட்டும் அறிந்த சாவியும் வந்திருக்கின்றன' என்றார் அவர். அதன்பின் எங்களுக்கு இவ்வேலையின் பயனைப் பற்றி ஐயம் எழவில்லை.

ஆகவே செயற்குழுவினரிடமும் உங்களிடமும் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஆண்டுதோறும் பொறுப்பேற்பு நாளன்று, ஏடுகளோடு பயனர் பட்டியலையும் சரிபார்த்து, உறையைப் புதுப்பித்துக் கைமாற்றுங்கள். இன்னும் கணக்குத் தொடங்காத உறுப்பினர்கள், சிறப்பாகத் தாய்மார்கள், ஞாயிறு மாலைகளில் நூலகத்திற்கு வாருங்கள். தகரப் பெட்டி காத்திருக்கிறது. பெற்றோர்கள் உங்கள் இல்லத்துக் கணிப்பொறியிலும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு ஏற்படுத்திக் கொடுங்கள். தன் பொருளுக்குத் தானே பொறுப்பு என்பதையும், பிறர் பெட்டியைத் திறப்பது முறையன்று என்பதையும் அவர்கள் இளமையிலேயே கற்றுக்கொள்வார்கள்.

அப்பொருளாளர் மீண்டும் நம்மிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.